முழங்கை அக்காவும் வெந்நீர் ஊற்றும்

வெந்நீர் ஊற்று வேலையை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகாலுக்கு. நூற்றிருபது வருஷமாக அந்த விடுதிக்குச் சோறு போட்டது அதுதான். வருகிறவர்கள் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, மணி அடிக்கும்வரை இருபது நிமிஷம் கல்தொட்டியில் கிடப்பார்கள். நொண்டிக்கொண்டு வந்த நீதிபதி ஒருவர் படியிறங்கி ஓடியிருக்கிறார். ஒரு பாடகிக்கு, போன குரலோடு பக்கத்துத் தொட்டிக்காரரின் குரலும் சேர்ந்து வந்தது. வேலை செய்கிறவர்கள் மட்டும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று பலகை இருந்தது. அந்தப் பலகையைத் தினமும் துடைத்து வைத்ததும் வேலை செய்கிறவர்கள்தான்.

சூடு பார்ப்பது முழங்கை அக்காவின் வேலை. விடிந்ததும் வலது முழங்கையைத் தண்ணீரில் வைத்து, "என்னடி, இன்னிக்கு என்ன கோபம்? கொஞ்சம் தணி" என்பாள். ஊற்றும் தணியும். முப்பத்தோரு வருஷத்தில் அவளுக்கு ஐம்பத்தாறு வயதாகிவிட்டது, அந்த முழங்கை மட்டும் இருபத்தைந்திலேயே நின்றுவிட்டது. முழங்கால்களுக்கு எழுபது இருக்கும்; அவள் படியேறும் சத்தத்தில் விருந்தினர் விழித்துக்கொள்வார்கள். ஒரே ஒரு தடவை, முழங்கால்வரை இறங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். புது மேனேஜர் பலகையைக் காட்டினார். மறுநாள் ஒரு வெப்பமானியை வாங்கி வைத்து, அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வெப்பமானி ஊற்றிடம் எதையும் விசாரிக்கவில்லை. நான்காம் நாள், அந்தச் செவ்வாய்க்கிழமை, ஊற்று தொட்டியிலிருந்து எழுந்து, வரவேற்பறையைக் கடந்து, பேருந்தில் ஏறியது. இரண்டு இருக்கையைப் பிடித்ததால் கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்தார். அக்காவின் ஒற்றை அறை வீட்டுக்குள் அது நுழைந்தபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? துணிய நனைக்காம அந்த டிரம்முல போய் உக்காரு" என்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, டிரம்முக்குள் கால்களை இறக்கினாள்.

மத்தியானம் மேனேஜர் வந்தார். பின்னால், அங்கியும் கையுமாக, நனையாத இருபது விருந்தினர்.

"அக்கா, அத அனுப்பி வைங்க."

"நானா சார் கூட்டிட்டு வந்தேன்? அதுகிட்டயே கேளுங்க. முழங்கைய வெச்சுக் கேக்கணும்."

சட்டைக் கையை மடித்துவிட்டுக் கேட்டார். கொப்புளம் வந்தது.

"இன்னும் கோபமா இருக்கா," என்றாள் அக்கா. "பலகையக் கழட்டிட்டு வந்து கேளுங்க."

கழற்றிவிட்டு வந்து, மற்ற முழங்கையை வைத்துக் கேட்டார். கொப்புளம் வரவில்லை.

இப்போது தினமும் காலை வண்டியில் அக்காவும் ஊற்றும் வேலைக்குப் போகிறார்கள். விடுதி திறக்கும் முன் வேலை செய்கிறவர்கள் இருபது நிமிஷம் ஊறுகிறார்கள்; மணி அடிப்பது மேனேஜர். அக்காவின் முழங்கால்களுக்கு இப்போது முப்பது வயது. பேருந்தில் அந்த இரண்டு இருக்கைகள் எப்போதும் ஈரமாக இருக்கும். ஏறுகிறவர்கள் தள்ளி உட்கார்ந்துகொள்கிறார்கள்.