கடிதம் வராத வீடுகள்

மலேசியாவின் கிள்ளானில் ஓர் அடுக்குமாடி. பருவநிலை மாற்ற ஆய்வுக்காக அங்கே பாதி வீடுகளுக்கு மட்டும் மாதங்கி மாதாமாதம் கடிதம் அனுப்பினாள். அக்கம்பக்கத்தாரைவிட நீங்கள் எவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். மீதி வீடுகளுக்கு ஒன்றும் போகாது. ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் எப்போதும்போல் இருந்தாலே போதும்.

மூன்றாம் மாத அளவுகளைப் பார்த்தவளுக்குத் தலை சுற்றியது. கடிதம் போன வீடுகளில் செலவு கொஞ்சம் குறைந்திருந்தது. போகாத வீடுகளிலோ அதைப்போல இரண்டு மடங்கு குறைந்திருந்தது. மீட்டர் கோளாறாகத்தான் இருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே நேரில் போனாள்.

கடிதம் போகாத முதல் வீட்டில் கோமளா அக்கா கதவைத் திறந்தார். உள்ளே ஏர்கோன் ஓடவில்லை.

"எதிர் வீட்டுக்கெல்லாம் லெட்டர் வருது, எங்களுக்கு இல்ல. கல்யாணப் பத்திரிகை வைக்காம விட்ட மாதிரி இருந்திச்சு. சரி, அவங்களவிட குறைச்சுக் காட்டுவோம்லான்னு விடுபட்டவங்க எல்லாரும் பேசி வச்சோம்."

மாதங்கி படியிலேயே உட்கார்ந்து பேராசிரியரைத் தொலைபேசியில் அழைத்தாள். சந்தோஷத்தில் கிட்டத்தட்ட கத்தினாள்.

"சார், நம்ம ஆய்வு கெட்டுப்போச்சு. ரொம்ப அருமையா கெட்டுப்போச்சு சார்."

அக்கா விடவில்லை. "அடுத்த மாசமாவது எங்களுக்கு லெட்டர் வருமா?"

"உங்களுக்குக் கடைசி வரைக்கும் கிடையாதுக்கா."