பக்தவச்சலத்தைத் தூக்கிய எழுத்து

பெங்களூரு ஜீவனஹள்ளி மலர் வரைந்த எழுத்தில் யார் பெயர் அச்சானாலும், அந்தப் பேனர் தொங்கும் வரை அவர் கால் தரையில் பாவாது; நாலு விரற்கடை மேலேதான் நிற்பார். எழுத்து அப்படிப்பட்டது. தொந்தியும் தொப்பையுமாகக் குண்டு உடம்பு, கோட்டின் நுனிக்கு நுனி குட்டிப் பாதம், அந்தப் பாதமோ ஓரிடத்தில் நிற்காமல் எம்பிக்கொண்டே இருக்கும். அவள் வேலை பார்த்த ஃப்ளெக்ஸ் கடையில் காதுகுத்துக்கும் பிறந்தநாளுக்கும் அதைத்தான் கேட்டு வாங்கினார்கள். பிரேசர் டவுன் பிரியாணிக் கடைக்காரர் தன் பெயரை அதில் போர்டு எழுதி மாட்டிவிட்டு, மிதந்தபடியே பரிமாறினார். ஒரு கட்சிக்காரர் மட்டும், ஓட்டுக் கேட்டுப் போகும்போது காலில் விழ வசதிப்படவில்லை என்று வேறு எழுத்துக்கு மாறிக்கொண்டார்.

மலரின் அப்பா பக்தவச்சலம் கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். மூச்சு இழுக்கத் தொடங்கியதும் அவருக்குச் சாவைவிடக் குழிதான் பயமாகிப் போனது. "காலம் பூரா எறங்கியாச்சு மலரு. இன்னொரு வாட்டி என்னைக் கீழ எறக்காதீங்க" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். எரித்துவிடலாமே என்றால் அதற்கும் ஒப்பவில்லை. பொண்டாட்டி கிருஷ்ணம்மாளின் சமாதிக்குப் பக்கத்தில்தான் இருப்பேன் என்று அடம். "சரிப்பா" என்று மலர் சொல்லிவிட்டாள். சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உயிரோடு இருப்பவர்களைத் தூக்கிய எழுத்து செத்தவரைத் தூக்குமா? இதை யாரிடம் போய்க் கேட்பாள், பாவம்!

அவர் போன அன்று கண்ணீர் அஞ்சலி பேனரை அந்தக் குண்டு எழுத்திலேயே அடித்துக்கொண்டு வந்தாள். அண்ணன் குணசேகருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சாவு பேனருக்கு இன்னா எழுத்து இது? ஊரே சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும்ண்ணா. நீ கட்டு."

சிரிக்கத்தான் செய்தார்கள். குழியருகே பேனரைக் கட்டி, பெட்டியைத் தூக்கி, இறக்கக் கயிற்றை விட்டார்கள். மலர் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சத்தமே இல்லை. திறந்து பார்த்தால், குழி வாய்க்கு மேலே நாலு விரற்கடையில் பெட்டி அசையாமல் நிற்கிறது. குணசேகர் கையால் அழுத்திப் பார்த்தான். பிறகு அவனே போய் பேனர் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டான். வெறும் குழியை மூடிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்க் குளித்தார்கள்.

ஃப்ளெக்ஸ் வெயிலில் வெளுக்கும். வெளுப்பதற்குள் மலர் புதிது அடித்து மாற்றுவாள். காற்று வீசினால் ஓடிப்போய் முடிச்சைப் பார்ப்பாள். இப்படியே வருஷங்கள் ஓடின. நகரத்தில் பேனரே கூடாது என்று உத்தரவு வந்ததும் மாநகராட்சி ஆட்கள் கத்தியோடு வந்து பேனரின் ஒரு பக்கக் கயிற்றை அறுத்தார்கள். பெட்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்து மண்ணில் முட்டியது. "சார், எங்கப்பா!" என்று மலர் அலறினாள். கத்தி வைத்திருந்தவர் பெட்டியைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார். "இர்லி பிடு", இருந்துவிட்டுப் போகட்டும் என்று கன்னடத்தில் முனகிவிட்டு, அறுத்த கயிற்றைத் தானே முடிந்தார். பெட்டி மெல்ல நிமிர்ந்தது.

இப்போதும் பேனர் பிடுங்க வருகிறவர்கள், அந்த ஒன்றில் மட்டும் முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.