சரி என்றான்

சட்டை பாதிதான் ஏறியிருந்தது. தம்பியின் வலது கை விறைத்துப்போய், சட்டைக் கைக்குள் நுழைய மறுத்தது. "உயிரோட இருந்தப்பவும் சொன்ன பேச்சு கேக்கல, இப்பவும் கேக்கல" என்று அக்கா முணுமுணுத்தாள். சித்தி தோளைத் தூக்கிப் பிடிக்க, ஒருவழியாகச் சட்டை உடம்பில் சேர்ந்தது.

பிடிவாதத்துக்குப் பேர்போனவன். சின்ன வயதிலிருந்தே வலிப்பு. தனியாக அறை எடுத்து இருக்காதே, என் வீட்டோடு வந்துவிடு என்று ஒன்பது வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவன் வாயிலிருந்து ஒரு 'சரி' வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. "மாமா முகத்துல தினம் யாரு முழிக்கிறது?" என்று சிரித்தே மழுப்பிவிடுவான்.

அதனால்தான் நேற்றுக் காலை அவனாகவே போன் செய்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவனைப் பேசவே விடாமல் பொரிந்து தள்ளினாள்.

"எத்தன நாளைக்குத்தான் தனியா கெடப்ப? வந்துடேன்டா."

"சரி."

"நெசமாவா? சின்ன ரூமை ஒழிச்சுத் தர்றேன்."

"சரி."

"இந்த வாரமே?"

"சரி... சரி..."

மனசு மாறிவிடப் போகிறான் என்று சட்டென்று போனை வைத்துவிட்டாள். மத்தியானம் வரை அந்த அறையை ஒழித்தாள். திரைச்சீலையைத் துவைத்துக் காயப்போடும்போதுதான், அவன் கட்டிலுக்கு அருகே குப்புறக் கிடப்பதாக அறையை வாடகைக்கு விட்டவர் போனில் சொன்னார்.

அப்போதிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் இதைத்தான் சொன்னாள். "எங்கிட்ட எல்லாத்துக்கும் சரின்னுட்டுதான் போனான்." கேட்டவர்கள், அந்த மட்டும் நிம்மதி என்றார்கள். அவளுக்கும் பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

பதினோரு மணிக்கு, அவன் வேலை பார்த்த அட்டைப்பெட்டிக் கம்பெனியிலிருந்து மெஷின்காரர் வந்தார். தம்பியை வெட்டும் மெஷின் பக்கமே விடாமல் பசை மேசையில் உட்கார வைத்தவர் அவர்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்ககிட்ட இருந்த வரைக்கும் அவனைக் கீழ விழவிட்டதே இல்லம்மா. வலிப்பு வரப்போகுதுன்னு அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். யாரையாவது கூப்பிடத்தான் பாப்பான், நாக்கு புரளாது. 'சரி, சரி'ன்னு மட்டும்தான் வரும். கேட்டதும் போட்டது போட்டபடி ஓடுவோம். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுக் கூடவே உக்காந்திருந்தா, கொஞ்ச நேரத்துல எழுந்து டீ கேப்பான்."

அவள் அவரையே பார்த்தாள்.

"மத்தபடி அவன் எதுக்கு சரின்னான்? முதலாளிக்கே முடியாதுன்னுதான் சொல்லுவான்." அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "ஒருநாள் முதலாளி போன்ல ரெண்டு தடவ சரின்னுட்டார். நாலு பேர் ஓடிப்போய் அவரைப் புடிச்சுக்கிட்டோம்... உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"சின்ன வயசுல அப்படி இல்ல" என்றாள். "ஒண்ணும் சொல்லமாட்டான். ஓடிவந்து என் கையப் புடிச்சுப்பான்."

"அப்படியா?" என்றார் அவர். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுச் செருப்பைத் தேடிப் போனார்.

அவன் அறைக்கு அவள் வீட்டிலிருந்து நாலு தெரு. ஓடினால் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் அவள் பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள், பாட்டு வேறு பாடிக்கொண்டு.

மாடி வீட்டுக்காரி உள்ளே வந்தாள். சித்தி மூக்கைச் சிந்திக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள்: "கடைசியா இவகிட்டதான் பேசினான். என்ன சொன்னான்னு சொல்லேன்டி."

"இல்ல சித்தி" என்றாள் அக்கா. "போன் வந்துச்சு. நான் எடுக்கல."

அக்கா எழுந்து போய், வந்தவள் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.