வீட்டிலும் சார்

ஸ்பேனர் என்று பட்டப்பெயர் வாங்கியவன் கரண்டியைப் பிடுங்கவில்லை. "குடுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்று மரியாதையாகத்தான் வாங்கிக்கொண்டான். அதுதான் மகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து மகன் ஊட்டிய தண்ணீரெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கிழவரின் கடைவாயில் வழிந்துவிட்டது. ஸ்பேனர் தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி, "அப்பா, வாயத் தொறங்கப்பா" என்றான். தண்ணீர் உள்ளே இறங்கியது.

அப்பாவாம்!

கிழவர் முப்பது வருடம் தொழிற்பயிற்சிப் பட்டறையில் லேத் மெஷின் வேலை சொல்லிக்கொடுத்தவர். மகனும் பதினேழு வயதில் அங்கேதான் சேர்ந்தான். முதல் நாளே எல்லார் முன்னாலும் "அப்பா" என்று கூப்பிட்டுவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். "இங்க நான் உனக்கு சார். வீட்ல ஒண்ணு, இங்க ஒண்ணுன்னா நாக்கு கொழம்பும். வீட்லயும் அப்படியே கூப்பிடு." படிப்பு முடிந்து இருபத்தெட்டு வருடமாகியும் அந்த உத்தரவை அவர் திரும்பப் பெறவில்லை. இவனும் வீம்புக்குக் கேட்கவில்லை. "சார், சாப்பிட வாங்க." "சார், உங்க பேத்தி பாஸாயிட்டா." மனைவி ஆரம்பத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவளுக்கும் பழகிவிட்டது.

ஸ்பேனர் இவனுக்கு அடுத்த வருடம் வந்து சேர்ந்த மாணவன். அத்தனை மாணவர்களில் அவனுக்கு மட்டும் அப்பா.

மதியம் கிழவரின் மூச்சு நின்றது. டாக்டர் வந்து பார்த்து நேரத்தை எழுதிவிட்டுப் போனார். நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டி, "மகன் நீங்கதானே சார்?" என்று ஸ்பேனரைக் கேட்டாள். அவன்தான் தேம்பிக்கொண்டிருந்தான்.

"நான்தான் மகன்" என்று இவன் படிவத்தைப் பறித்தான்.

கையெழுத்துப் போட்ட பிறகும் ஆறவில்லை. "உன்ன மட்டும் ஏன்டா அப்பான்னு கூப்பிடச் சொன்னாரு? எனக்கில்லாதது உனக்கென்ன?"

ஸ்பேனர் விழித்தான். "அவரு எங்கண்ணே சொன்னாரு? ஒரு நாள் வாய் தவறி வந்துடுச்சு. அடி விழும்னு நின்னேன். 'ம், சொல்லு'ன்னாரு. அதையே பிடிச்சுக்கிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "போன வருஷம்கூட என்கிட்ட கேட்டாரு. 'இவன் ஏன்டா இன்னும் சார் சார்ங்கறான், என்மேல என்ன கோவம்'னு. நான் என்னத்தச் சொல்ல?"

ஊழியர்கள் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மகன் அவர்களை ஒரு நிமிடம் இருக்கச் சொல்லிவிட்டு, கட்டிலருகே போய்க் கிழவரின் காதுப் பக்கம் குனிந்தான்.

"சார்" என்றுதான் வந்தது.

ஊழியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் இன்னொரு முறை குனிந்தான்.