பலவேசத்தின் கார்

எரிந்துபோன பஸ்ஸின் எஞ்சினைப் பொருத்தித் தானே ஒரு ரேஸ் கார் கட்டினான் தென்காசிப் பலவேசம். சீமையிலிருந்து கப்பலில் வந்த என் காரைக் குற்றாலம் வரை நடந்த முதல் பந்தயத்திலேயே தோற்கடித்தான். அவன் கிளப்பிய புழுதியைத்தான் நான் தின்றேன். பிறகு மெட்ராஸ், கொழும்பு என்று எங்கே ஓடினாலும் அந்தப் பயலுக்குத்தான் மாலை. எனக்கு வயிறு எரிந்தது.

1939-இல் பலவேசம் காய்ச்சலில் செத்துப்போனான். அவன் காரை நானே வாங்கினேன். சிவப்பைச் சுரண்டிவிட்டுப் பச்சை அடித்தேன். பக்கவாட்டில் ‘ஆறுமுகநயினார்’ என்று என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதவைத்தேன். இனி எவன் அவனைப் பேசுவான்?

முதல் ஓட்டத்துக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்த என் மனைவி குருவம்மாள், காரைத் தொட்டுக் கும்பிட்டாள்.

“பலவேசம் அண்ணாச்சி, இவுகளுக்கு ஓட்டத் தெரியாது. நீங்கதான் பாத்துக்கிடணும்.”