கை தொடாத குழாய்

சமையலறைத் தொட்டியின் மேல் புதுக் குழாய் பளபளத்தது. பிளம்பர் கிளம்பியதும் அவள் கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். திருகு இல்லை, பிடி இல்லை. கையை நீட்டினால் தண்ணீர் வந்தது, எடுத்தால் நின்றது. தண்ணீர் மிச்சமாகும், கிருமி பரவாது என்று நிறையச் சொன்னாள். சொல்லாமல் விட்டது ஒன்றுதான். பழைய குழாயை அவனுடைய அக்காவும் திருகிக்கொண்டிருந்தாள்.

அக்காவின் இரண்டு கைகளிலும் சொரியாசிஸ். தோல் செதில் செதிலாக உரியும். தையல் கடைக்கு வந்தவர்கள் முகம் சுளிக்க, வேலை போய், தம்பி வீடே கதி என்று வந்திருந்தாள். தொட்டால் ஒட்டாத நோய் என்று டாக்டர் மூவரையும் உட்காரவைத்தே சொல்லியிருந்தார். அங்கே தலையாட்டிய தம்பி மனைவி, வீட்டுக்கு வந்ததும் தம்ளரைத் தனியாக எடுத்துவைத்தாள். களிம்பு எதிலும் படாமல் இருக்கட்டும் என்று கறுப்புப் பருத்திக் கையுறையும் வாங்கிக் கொடுத்தாள்.

குழாய் வீட்டு வேலைக்கு ஒத்துவரவில்லை. பெரிய பாத்திரம் பாதி நிறைவதற்குள் நின்றுவிடும். தட்டை நகர்த்தினால் சும்மாவே கொட்டும். “மந்திரி வீட்டு வாசல் மாதிரி, கையை நீட்டிக்கிட்டே நிக்க வைக்குது” என்று கணவன் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. அவள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டதை இருவரும் கவனிக்கவில்லை.

ஒரு நாள் தலைவலி என்று தம்பி மனைவி ஆபீஸிலிருந்து சீக்கிரம் திரும்பினாள். சமையலறையில் நாத்தனார் கையுறையோடு குழாயடியில் கையை ஏந்தி நின்றிருந்தாள். உயர்த்தினாள், தாழ்த்தினாள், திருப்பினாள். ஒரு சொட்டு வரவில்லை. பிறகு கையுறையை மெல்ல உரித்தாள். துணியோடு ஒட்டியிருந்த தோலும் சேர்ந்து வந்தது, ரத்தம் கசிந்தது. வெறுங்கையை நீட்டியதும் தண்ணீர் கொட்டியது.

“எத்தனை நாளா இப்படி, அண்ணி?”

“மாட்டின நாள்லேருந்துதான். கறுப்புத் துணி அதுக்குத் தெரியல போல.”

“சொல்லியிருக்கலாமே?”

“என்னன்னு சொல்றது? நான் தொடக் கூடாதுன்னு போட்ட குழாய், தொடாம நின்னாலும் தண்ணி தரலைன்னா?” குரலில் கோபமே இல்லை. அதுதான் சுட்டது. “லேடீஸ் ஹாஸ்டல்ல சொல்லி வச்சிருக்கேன்மா. திங்கக்கிழமை போயிடறேன். உங்க ரெண்டு பேருக்குள்ள என்னால சண்டை வேண்டாம்.”

அவள் அந்தக் கையைப் பிடிக்கப் போனாள். நாத்தனார் சட்டென்று முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். இந்த வீட்டில் வந்த பழக்கம் அது. தம்பி மனைவி விடவில்லை. பிடித்து, ரத்தத்தைக் கழுவி, களிம்பைத் தன் விரலாலேயே தடவினாள். நாத்தனாரின் கண் நிறைந்தது. ஆனால் போகமாட்டேன் என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

பிளம்பரை மறுபடி எதற்கு வரச் சொன்னாய் என்று சாயங்காலம் கணவன் கேட்டான். நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னாள்.

“குழாயை மாத்தறது சுலபம். அண்ணியைத் தங்க வைக்கறதுதான் கஷ்டம், கேட்டுப் பார்க்கணும். அவங்க கையில இருக்கறது யாருக்கும் ஒட்டாதுங்க. அதைப் பார்த்து ஒதுங்கற புத்தி இருக்கே, அதுதான் ஒட்டும். எனக்கு ஒட்டிக்கிச்சு. அது என்னோட நிக்கட்டும்.”