பச்சைத் தகடு

தகடு பச்சையாக இருந்தால் மூக்கே சொல்லிவிடும். கற்பூரமும் சாராயமும் கலந்தது போல ஒரு காரம், கண்ணோரத்தைக் கிள்ளும். பிரான்சின் தியேர் ஊரில் கத்திக் கைப்பிடி செய்கிற பட்டறைப் பெண்களில் அந்த வாசனை தெரியாதவள் யாரும் இல்லை. ஜூரா மலைப்பக்கத்து ஆலையிலிருந்து செல்லுலாய்டுத் தகடுகள் வந்து இறங்கியதும் மாடியில் இருக்கும் உலர்த்தும் அறைக்குப் போகும். துணி காயப்போட்டது போல அங்கே ஒரு பருவம் முழுக்கத் தொங்கும். காரம் எல்லாம் போன பிறகுதான் ரம்பத்துக்கு இறங்கி வரும். பச்சைத் தகட்டை அவசரப்பட்டுக் கத்தியில் பொருத்தினால் அது மெல்ல மெல்ல மூச்சு விடும். அந்த மூச்சு பட்ட எஃகு, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே அரித்துப்போகும்.

ஒதீலுக்கும் இது தெரியும். தெரிந்தும் செய்தாள்.

அவளுக்கு நிச்சயம் செய்திருந்த ரெமிக்குப் பட்டாளத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. எதிர்பார்த்ததைவிட சீக்கிரம். அல்ஜீரியாவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஊர்ப் பையன்கள் ஒவ்வொருவராக ரயில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி போன்ற தகட்டுக்கு அடியில் புகைப்படம் வைத்துச் செய்யும் மடக்குக் கத்திக்கு அப்போது ஏக கிராக்கி. தாய்மாரும் மனைவிமாரும் படங்களோடு பட்டறை வாசலில் வந்து நின்றார்கள். உலர்ந்த கண்ணாடித் தகடு தீர்ந்துபோயிற்று. புதிதாக வந்தது மாடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"திராட்சை அறுப்பு முடியட்டும், அதுக்கு முன்னாடி ஒருத்தியும் அதைத் தொடக் கூடாது" என்று மேஸ்திரி மொரேல் சொல்லிவிட்டார்.

"திராட்சை அறுப்பு வரைக்கும் ரயில் நிக்குமா மேஸ்திரி?" என்று கேட்டாள் சிமோன். ரெமியின் அக்கா அவள். கைப்பிடிகளை அச்சில் அழுத்தும் இயந்திரத்தில், ஒதீலுக்குப் பக்கத்தில் வேலை.

"ரயில்கிட்ட போய்க் கேளு. என்கிட்ட தகட்டைப் பத்தி மட்டும் கேளு."

மத்தியானம் மொரேல் சாப்பிடப் போனதும் சிமோன் கண்ணைக் காட்டினாள். "போடி. மூலையில ஒரு விரல் அகலம் போனா யாருக்குத் தெரியப்போகுது? நான் படிக்கட்டுல நிக்கிறேன்."

"பச்சையா இருக்கே அக்கா."

"என் தம்பியும்தான் பச்சையா இருக்கான். அவனையே எடுத்துக்கிட்டுப் போறாங்க. போடி!"

ஒதீல் போனாள். வெட்டி எடுத்த துண்டுகளை வெந்நீரில் போட்டு, கெண்டைமீன் வயிறு போல வளையும்வரை இளக்கினாள். சூடான எஃகு அச்சில் வைத்து அழுத்தினாள். அச்சு மூடியிருக்கும்போதே குளிர்ந்த தண்ணீர் ஓடவிட்டாள். திறந்தபோது இரண்டு துண்டுகளும் மழைத்துளி மாதிரி தெளிவாக இருந்தன. ஓரத்தைச் சீவி, துளை போட்டு, பஞ்சுச் சக்கரத்தில் மெருகு ஏற்றினாள். கைப்பிடிக்கு அடியில் வரும் உலோகத் தகட்டின் மேல் தன் படத்தை ஒட்டினாள். கழுத்தில் அம்மாவின் சிலுவைச் சங்கிலி போட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்த படம். பாகங்களைச் சேர்த்துக் கத்தியாகக் கோத்துக் கொடுத்தது ரெமியின் அப்பா பிரோஸ்பேர்தான். அவருக்குக் கிழக்குத் தெருவில் சொந்தப் பட்டறை. தூள் புகையிலை போட்டுப் போட்டு அவருடைய மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. ரிவிட் அடிக்கும்போது அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

கத்தியை இனாமாக வாங்கினால் உறவு அறுந்துபோகும் என்பார்கள்; ரயில் நிலையத்தில் ரெமி வழக்கப்படி ஒரு காசைக் கொடுத்துவிட்டுக் கத்தியை வாங்கிக்கொண்டான். படத்தைப் பார்த்தான். பிறகு, கத்தி கோக்கும் வீட்டுப் பிள்ளை எந்தக் கத்தியையும் செய்வது போல, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனான். ஒரு நொடி நிறுத்தினான்.

"என்ன?" என்றாள் ஒதீல்.

"ஒண்ணுமில்ல. நீ போடற சோப்பு வாசனை" என்று சிரித்து, பைக்குள் போட்டுக்கொண்டான்.

*

இரண்டு வருஷத்துக்கும் மேல் ஆயிற்று அவன் திரும்பிவர. கடைசிக் குளிர்காலத்தில் அவன் கடிதங்கள் குறுகி, வானிலையும் கையெழுத்துமாக நின்றிருந்தன. வந்தவன் இளைத்திருந்தான். கன்னத்தில் முத்தம் கொடுத்தான், எல்லோருக்கும் கொடுத்தது போலவே. ஜூனில் கல்யாணம் என்று பெரியவர்கள் பேசினார்கள். அவன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஒதீலுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: இவன் என்னைக் கட்டிக்கொள்வானா, மாட்டானா?

ஞாயிற்றுக்கிழமை பிரோஸ்பேர் வீட்டில் சாப்பாடு. உப்புப் பன்றிக்கறியும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் ஒரே பானையில் வெந்து மேஜைக்கு வந்தன. அந்த வீட்டில் ஆண்கள் தட்டுக்குப் பக்கத்தில் கத்தி வைப்பதில்லை. அவரவர் பையிலிருந்து எடுத்து விரிப்பார்கள். பிரோஸ்பேர் தன் கத்தியை மடக்கினால் சாப்பாடு முடிந்தது. தட்டில் யாருக்கு என்ன மிச்சம் இருந்தாலும் எழுந்துவிட வேண்டும்.

பிரோஸ்பேர் தன் கத்தியை விரித்தார். எல்லோரும் ரெமியைப் பார்த்தார்கள். சிமோன் ஒதீலின் இடுப்பில் இடித்தாள். "இப்ப பாரு, உன் மூஞ்சியைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் என் தம்பி கறி திங்கப்போறான்."

ரெமி பைக்குள் கைவிட்டு ஒரு கத்தியை எடுத்தான். மாட்டுக்கொம்புக் கைப்பிடி. நீண்டு வளைந்த இடுப்பு. தெற்கே, மாடு வளர்க்கும் மேட்டுநிலத்து ஆட்கள் வைத்திருக்கும் ஜாதி.

அந்த மேஜையில் கத்தியைப் படிக்கத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ரெமியின் அம்மா அப்படியே நின்றாள்.

"யாரு கத்திடா அது?" என்றார் பிரோஸ்பேர்.

"ஒரு சிநேகிதனோடது."

"உன்னோடது எங்க?"

"இருக்கு."

"இருந்தா எடுக்க வேண்டியதுதானே?" என்றாள் சிமோன். "இல்ல, அங்க எவளாவது புடுங்கிக்கிட்டாளா? ஒட்டகம் மேய்க்கிறவளா, ஆடு மேய்க்கிறவளா? சொல்லுடா."

யாரும் சிரிக்கவில்லை. ரெமியின் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. அவன் கறியை வெட்டவும் இல்லை. பிரோஸ்பேர் மகனைப் பார்த்தார், ஒதீலைப் பார்த்தார். அவருடைய தட்டு பாதிகூடக் காலியாகவில்லை. ரொட்டியில் கத்தியைத் துடைத்து மடக்கினார். டக்கென்ற அந்தச் சத்தத்தில் எல்லோரும் எழுந்தார்கள்.

*

ஒதீல் அவனை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனாள். துரோல் ஆறு பட்டறைச் சக்கரங்களுக்கு நடுவே இரைந்துகொண்டு ஓடியது. அங்கே பேசினால் அடுத்தவர் காதில் விழாது.

"வேற யாராவது இருந்தா சொல்லிடு. நான் அழமாட்டேன்" என்றாள். குரலில் ஏற்கெனவே அழுகை இருந்தது.

ரெமி உள்பையிலிருந்து ஒரு கைக்குட்டைச் சுருளை எடுத்தான். பிரித்ததும் அவள் மூக்குக்கு முதலில் வந்தது வாசனை. கற்பூரம் இல்லை இப்போது. மூக்கைக் குத்தும் புளிப்பு, காடி கெட்டது போல. கண்ணாடி போலிருந்த கைப்பிடி தேன் நிறமாகிச் சுருங்கி, ரிவிட்டைச் சுற்றிக் கீறல் விட்டிருந்தது. அடியில் அவள் படம். கழுத்தில் சங்கிலி மட்டும் தெரிந்தது. முகம் இருந்த இடத்தில் பழுப்புக் கறை.

அவள் நகத்தை வைத்து விரிக்கப் பார்த்தாள். கத்தி அசையவில்லை.

"விரியாது" என்றான் ரெமி. "எங்க வண்டி ஓடைக்குள்ள கவுந்துடுச்சு. மழை பெய்ஞ்சு திடீர்னு வெள்ளம் வந்த ஓடை. லூசியன்னு ஒருத்தன், என் பக்கத்துலயே ரெண்டு வருஷம் படுத்தவன். அவன் தோள்பட்டை வார் கம்பியில மாட்டிக்கிச்சு. தண்ணி நெஞ்சுக்கு வந்துடுச்சு. 'அறுடா, அறுடா'ங்கறான். அவன் கத்தி அவன் பையில, தண்ணிக்கு அடியில. நான் இதை எடுத்தேன்."

அவன் வலதுகைக் கட்டைவிரலைத் திருப்பிக் காட்டினான். நகம் பாதிதான் வளர்ந்திருந்தது.

"பல்லால கூட இழுத்தேன் ஒதீல்."

அவள் கல்லின்மேல் உட்கார்ந்தாள். "பச்சைத் தகடு" என்றாள். "அது பச்சைத் தகடு ரெமி. நான்தான் எடுத்தேன்."

"தெரியும். ரயிலடியிலேயே தெரியும்."

"சோப்பு வாசனைன்னு சொன்னியே!"

"வேற என்ன சொல்லச் சொல்றே? அப்படி சிரிச்சுக்கிட்டு நின்னே. அதை வாங்கி, இது உள்ளே துருப்புடிக்கும், திருப்பி எடுத்துக்கோன்னு சொல்லவா?" அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அப்புறமும் நேரம் இருந்துச்சு. எண்ணெய் விட்டுக்கிட்டே இருந்தேன். இறுகிக்கிட்டு வர்றது கைக்குத் தெரிஞ்சுது. ரிவிட்டைத் தட்டி எடுத்து, கைப்பிடியைப் பேத்துட்டா உள்ளே சுத்தம் பண்ணிடலாம். அரை மணி வேலை. நம்ம வீட்டுல சின்னப் புள்ளைகூடச் செய்யும். ஆனா கைப்பிடி உடையும். படம் கிழியும். அடுத்த வாரம் பார்க்கலாம், அடுத்த வாரம் பார்க்கலாம்னு தள்ளினேன். படம் அழிஞ்சுக்கிட்டே வந்துது. அப்பவும் மனசு வரல."

ஒதீல் கத்தியைக் கைக்குட்டையில் திரும்பச் சுற்றினாள்.

"உன்மேல கோபம் இல்ல" என்றான். "ஆனா உன் முகத்தைப் பார்த்தா எனக்கு அவன் குரல்தான் கேக்குது. இப்படி இருக்கறவன் எப்படிக் கல்யாணம் பண்ணிக்கிறது?"

அவள் கேட்டாள். "லூசியனோட அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல. உடம்பை எடுத்தப்ப பையில இருந்த அவன் கத்தியைக் கொண்டுபோய்க் கொடுக்கணும். முடியல."

"வா, போகலாம். நானும் வர்றேன். கைப்பிடி செஞ்சது நான்."

*

மேட்டுநிலத்தில் அந்த வீடு தனியாக நின்றது. மே மாதத்திலும் சுவரோரம் பனி அழுக்காகக் கிடந்தது. லூசியனின் அம்மா அவர்களை மாட்டுக்கொட்டிலைத் தாண்டி உள்ளே அழைத்துப்போனாள். மகனின் சிநேகிதன் என்றதும் பருப்பு சூப்பை அடுப்பில் ஏற்றினாள். ரெமி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். ரயிலடியில் மோந்து பார்த்ததிலிருந்து, ஒன்றையும் விடாமல். சொல்லி முடித்து, கொம்புக் கத்தியை அவள் முன்னால் வைத்தான்.

அந்த அம்மாள் கத்தியைத் தொடாமல் ஒதீலைப் பார்த்தாள். "நீ யாரும்மா?"

"நான்தான் அந்தக் கைப்பிடி செஞ்சவ அம்மா. காயாத தகட்டுல செஞ்சேன். செய்யக் கூடாதுன்னு தெரியும்."

"இவனைக் கட்டிக்கப்போறவளா?"

ஒதீல் ரெமியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"தெரியலம்மா."

அந்த அம்மாள் சூப்பை மூன்று கிண்ணங்களில் ஊற்றினாள். மகனின் கத்தியை எடுத்து விரித்தாள். கைப்பிடியின் ஸ்பிரிங் சுத்தமாக ஒரு சத்தம் கொடுத்தது. ரொட்டியை நெஞ்சோடு அணைத்து வெட்டி, ஆளுக்கொரு துண்டு வைத்தாள்.

"உக்காருங்க. பட்டினியா அனுப்பினா அவன் என்னைத் திட்டுவான்."

சாப்பிட்டார்கள். ரெமிக்கு இப்போது கத்தி இல்லை. ரொட்டியைப் பிய்த்துத் தின்றான். சாப்பாட்டின் முடிவில் பரிமாறும் பாலாடைக்கட்டித் தட்டு மேஜையில் மூடியபடி இருந்தது. ஒதீல் ஒருமுறை அதைப் பார்த்தாள். அந்த அம்மாளும் பார்த்தாள். மூடியை எடுக்கக் கையை நீட்டினவள் பாதியில் நிறுத்தினாள். கை மெல்லத் திரும்பிவந்து கத்தியை எடுத்து, இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்து, மடக்கியது.

அவர்கள் எழுந்தார்கள். வாசல்வரை வந்தாள். "பஸ் பாலத்துக்கிட்ட நிக்கும்" என்றாள். அவ்வளவுதான்.

கிளெர்மோனில் பஸ் மாற வேண்டும். தியேர் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. ரெமி படியில் கால் வைக்கவில்லை.

"இங்க டயர் ஆலையில ஆள் எடுக்கறாங்களாம். கத்தி இல்லாத வேலை."

ஏற்கெனவே ஏறிவிட்ட ஒதீலுக்கு, அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தால் ஏறிவிடுவான் என்று தோன்றியது. அவள் பிடிக்கவில்லை.

"நான் அவசரப்படுத்த மாட்டேன். ஒரு தடவை அவசரப்பட்டது போதும்" என்றாள்.

பஸ் நகர்ந்தது. பின் கண்ணாடியில் அவன் சின்னதாகிப் போகும்வரை அங்கேயே நின்றான்.

ஜூன் வந்து போயிற்று. திராட்சை அறுப்பும் முடிந்தது. உலர்த்தும் அறையை மொரேல் ஒதீலிடமே விட்டுவிட்டார். அவர் போதும் என்ற பிறகும் அவள் தகடுகளை இறக்கவிடுவதில்லை. "என்னடி, கல்யாணத்துக்குத் துவைச்சுப் போட்ட பாவாடையா அது, இவ்வளவு காயணும்?" என்று கீழேயிருந்து பெண்கள் கத்துவார்கள். அவள் ஒவ்வொன்றாக மோந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

ரெமி சில ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வீட்டுக்குச் சாப்பிட வருகிறான். ஒதீல் அந்தப் பக்கம் போவதில்லை. திங்கட்கிழமை காலையில் சிமோன் இயந்திரத்தருகே வந்து நின்றதும், அவன் எப்படி இருக்கிறான், இளைத்தானா, சிரித்தானா என்று எதுவும் கேட்பதில்லை. ஒன்று மட்டும் கேட்பாள்.

"கத்தி?"

சிமோன் இப்போதெல்லாம் கேலி செய்வதில்லை. தலைமுக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டே சொல்வாள்.

"இல்லடி. அவன் பையில கை விடல. அம்மா சமையலறைக் கத்தியைத்தான் வச்சாங்க."

ஒதீல் தலையசைத்து, வெந்நீர்த் தொட்டிக்குள் அடுத்த துண்டுகளைப் போடுவாள்.